ராக்கெட் பேசும் அலை: இடம் ஒதுக்குவது யார்?

ராக்கெட் என்றதும் எரிபொருள், உந்துவிசை, நியூட்டனின் மூன்றாம் விதி ஆகியவற்றை வகுப்பில் விளக்கிவிடுகிறோம். ஆனால் ஏவுதளத்தில் ராக்கெட் தயாராக நின்று, எரிபொருள் நிரம்பி, வானிலையும் சாதகமாக இருந்தாலும், ஒரு அனுமதி இல்லாவிட்டால் அது புறப்பட முடியாது. அது வானொலி அலைகளைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. அறிவியலும் குடிமையியலும் கைகோக்கும் இந்த இடத்தை மேல்நிலை இயற்பியலின் மின்காந்த அலைகள் பாடத்தோடு சேர்த்து நடத்தலாம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் மன்ற நேரத்திலும் எடுத்துக்கொள்ளலாம்.

ராக்கெட் என்ன பேசுகிறது?

பறக்கும் ராக்கெட் தன் உடல்நிலையைத் தரைக்குச் சொல்லிக்கொண்டே செல்கிறது. எந்திரத்தின் அழுத்தம், தொட்டியின் வெப்பநிலை, வேகம், திசை, அதிர்வு எனப் பல அளவுகள் நொடிதோறும் வருகின்றன. இதற்குத் தொலை அளவீடு என்று பெயர். தரையிலிருந்து ராக்கெட்டுக்குக் கட்டளைகளும் செல்லும். பாதை தவறி மக்கள் வாழும் பகுதியை நோக்கித் திரும்பினால் பறத்தலை நிறுத்தும் கட்டளை அவற்றுள் முக்கியமானது.

பூமியைச் சுற்றும் பாதையை அடைய ஏறக்குறைய பத்து நிமிடங்கள் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நொடி அலை தடைபட்டாலும், அந்த நொடியில் என்ன நடந்தது என்பதைப் பிறகு மீட்க முடியாமல் போகலாம். விபத்து நேர்ந்தால் காரணம் தேடுவோருக்குக் கிடைக்கும் முதல் சான்றும் இந்தத் தரவுதான்.

ஏன் 2200 மெகாஹெர்ட்ஸ்?

அமெரிக்காவில் ராக்கெட்டுகளின் தொலை அளவீட்டுக்குப் பெரிதும் பயன்படுவது 2200 முதல் 2290 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றை. மாணவர்களே கணக்கிடட்டும்:

அலைநீளம் = ஒளியின் வேகம் ÷ அதிர்வெண்

2250 மெகாஹெர்ட்ஸுக்கு இது சுமார் 13 செ.மீ. நாம் பாட்டுக் கேட்கும் பண்பலை வானொலியில், 100 மெகாஹெர்ட்ஸுக்கு, 3 மீட்டர். அலைநீளம் குறைந்தால் ராக்கெட்டின் உடலில் பொருத்தும் ஆண்டெனாவும் சிறியதாகிறது. மேகமும் மழையும் இந்த அலையை அதிகம் விழுங்குவதில்லை. அதனால்தான் பலரும் இதே பகுதியை நாடுகிறார்கள். நல்ல இடத்துக்குப் போட்டியும் அதிகம்.

உயரம் கூடினால் எல்லையும் விரியும்

தரையில் 30 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து நேர்கோட்டில் செல்லும் அலை எவ்வளவு தூரம் எட்டும்? தொடுவானத் தூரம் = (2 × பூமியின் ஆரம் × உயரம்) என்பதன் வர்க்கமூலம். ஆரத்தை 6400 கி.மீ. எனக் கொண்டால் விடை ஏறத்தாழ 20 கி.மீ. இப்போது ராக்கெட் 100 கி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடை ஏறத்தாழ 1130 கி.மீ.

20 கி.மீ. எங்கே, 1130 கி.மீ. எங்கே! ஃபுளோரிடாவின் கேப் கனாவெரலிலிருந்து கிளம்பிய ராக்கெட்டின் அலை சில நிமிடங்களில் பஹாமாஸையும் கியூபாவின் தலைநகர் ஹவானாவையும் எட்டிவிடும். அதே அதிர்வெண்ணில் அங்கே வேறொருவர் செயற்கைக்கோளின் மெல்லிய சைகையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு இடையூறு நேரலாம். ஆகவே இது ஏவுதளத்தின் வேலிக்குள் முடிகிற விஷயமன்று. 1865-இல் தொடங்கி, இன்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அமைப்பாக இயங்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலக அளவில் அலைக்கற்றைப் பங்கீட்டு விதிகளை வகுக்கிறது. அந்த வரம்புக்குள் ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் யாருக்கு எதை அனுமதிப்பது என்று முடிவு செய்கிறது.

ஒரு வயல், இரு பொறுப்பாளர்கள்

அமெரிக்காவில் இந்தப் பொறுப்பு இரண்டாகப் பிரிந்துள்ளது. தனியார், மாநில அரசுகள், ஒளிபரப்பாளர்கள் ஆகியோருக்கு உரிமம் தருவது 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம். ராணுவம், நாசா போன்ற மத்திய அரசுத் துறைகளின் பயன்பாட்டை மேற்பார்வையிடுவது வணிகத் துறையின் கீழுள்ள தேசியத் தொலைத்தொடர்பு மற்றும் தகவல் நிர்வாகம்.

தொடக்க காலத்தில் ராக்கெட் ஏவியது அரசு. எனவே 2200–2290 மெகாஹெர்ட்ஸ் அரசுத் துறைகளுக்கான பகுதியாக அமைந்ததில் வியப்பில்லை. பிறகு காலம் மாறியது. 2008 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1, தனியார் உருவாக்கிய திரவ எரிபொருள் ராக்கெட்டுகளில் முதன்முதலாகப் பூமியின் சுற்றுப்பாதையை அடைந்தது. 2023-இல் அந்நிறுவனத்தின் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் மட்டும் 96 முறை ஏவப்பட்டன. ஏவுவது தனியார், தேவைப்படும் அலையோ அரசின் பகுதியில். இதுதான் சிக்கல்.

தற்காலிக அனுமதியில் ஓடிய காலம்

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த வழி, சிறப்புத் தற்காலிக அனுமதி. சோதனை முயற்சிகளுக்கான விதிகளின்கீழ், அதிகபட்சம் ஆறு மாதங்களுக்கு இது தரப்படும். நிறுவனம் ஆணையத்திடம் விண்ணப்பிக்கும், ஆணையம் மற்ற நிர்வாகத்தைக் கலந்துகொள்ளும், அரசுத் துறைகள் தங்களுக்கு இடையூறு வருமா என்று பார்க்கும், பிறகே அனுமதி. ஏவும் நாள் தள்ளிப்போனால் காகித வேலையும் நீளும். ஆண்டுக்கு ஓரிரு ராக்கெட் கிளம்பிய காலத்துக்கு இது பொருந்தியது. வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கிளம்பும்போது, வழக்கமான பணியைச் சோதனை என்று சொல்லிக்கொண்டிருப்பது பொருத்தமாக இல்லை.

நிலையான விதி வகுக்கும் நடைமுறையை ஆணையம் 2013-இல் தொடங்கியது. 2021 ஏப்ரலில் 2200–2290 மெகாஹெர்ட்ஸில் தனியார் ஏவுதலுக்கு வரம்புகளுடன் இடம் ஒதுக்கியது. 2023 செப்டம்பரில் அதை விரிவாக்கி, தரையிலிருந்து கட்டளை அனுப்ப 2025–2110 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்து, உரிம விதிகளையும் வகுத்தது. 2024 செப்டம்பர் 26 அன்று ‘ஏவுதல் தகவல் தொடர்புச் சட்டம்’ கையொப்பமானது. அது 2360–2395 மெகாஹெர்ட்ஸையும் பட்டியலில் சேர்த்ததுடன், பல ஏவுதல்களுக்கு ஒரே அனுமதி பெறும் வகையில் நடைமுறையை எளிமையாக்கவும் ஆணையத்தைப் பணித்தது.

புதிதாகச் சேர்ந்த இடங்களும் காலியிடங்கள் அல்ல. 2025–2110 மெகாஹெர்ட்ஸில் தொலைக்காட்சிச் செய்தி வாகனங்கள் நேரலைக் காட்சிகளை நிலையத்துக்கு அனுப்புகின்றன. 2360–2395 மெகாஹெர்ட்ஸில் புதிய விமானங்களின் சோதனைப் பறப்புத் தரவுகள் வருகின்றன. ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டில்தான் ராக்கெட்டுக்கும் ஓர் அறை கிடைத்திருக்கிறது.

தலைமடையும் கடைமடையும்

மூன்று பகுதிகளிலும் தனியார் ஏவுதலுக்குக் கிடைத்தது ‘இரண்டாம் நிலை’ உரிமை. இச்சொல்லை மாணவர்களுக்கு விளக்க ஏரிப்பாசனம் கைகொடுக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில், முதல் உரிமையுள்ள வயலின் முறையைக் கெடுக்காமல் மற்றவர் பாய்ச்சிக்கொள்ளலாம். தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அவர் முதல் உரிமையாளர்மீது முறையிட முடியாது. இரண்டாம் நிலைப் பயனாளரும் அப்படித்தான்: முதன்மைப் பயனாளருக்கு இடையூறு தரக்கூடாது, அவரிடமிருந்து வரும் இடையூறுக்குப் பாதுகாப்புக் கோரவும் முடியாது.

உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஏரி நீர் பயன்படுத்தினால் குறையும். அலைக்கற்றை குறைவதில்லை, ஒருவர் நிறுத்திய அடுத்த நொடி அது முழுமையாக இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அதிர்வெண்ணில் இருவர் பேசினால்தான் சிக்கல். ஆகவே இடம், நேரம், அதிர்வெண் ஆகிய மூன்றில் ஒன்றை மாற்றினால் பகிர முடியும். ராக்கெட் ஏவுதல் ஒரு சில இடங்களில், சில நிமிடங்களே நடப்பது. முன்கூட்டியே நேரம் தெரிவது. எனவே முன்னதாகக் கலந்து பேசிக்கொண்டால் பகிர்வது இயலும்.

கேள்வி ஒன்று எஞ்சுகிறது. மனிதர் பயணிக்கும் தனியார் ராக்கெட்டும் இரண்டாம் நிலையில்தான் இருக்க வேண்டுமா? நாட்டின் பாதுகாப்புக்கான அலையை வணிக நிறுவனத்துக்குச் சமமாகப் பகிர்வது சரியா? இரு பக்கமும் நியாயம் உண்டு. இதை மாணவர்கள் விவாதிக்கட்டும்.

அனுமதியை மீறினால்?

2018 ஜனவரி 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-40 ராக்கெட்டில், ஸ்வார்ம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் நான்கு சிறு செயற்கைக்கோள்களும் சென்றன. அவை மிகச் சிறியவை. தரையிலிருந்து கண்காணிப்பது கடினம் என்று சொல்லி, அமெரிக்க ஆணையம் முந்தைய மாதமே அனுமதி மறுத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் 9 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. வானொலி உரிமம் என்ற ஒற்றைக் கடிவாளம், விண்வெளிக் குப்பை குறித்த அக்கறைக்கும் பயன்படுவதை இது காட்டுகிறது.

நம் கரையில்

இந்தியாவிலும் தனியார் ராக்கெட்டுகள் வந்துவிட்டன. 2022 நவம்பரில் விக்ரம்-எஸ் பறந்தது. 2024 மே 30 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஏலமின்றி நிர்வாக முறையில் அலைக்கற்றை ஒதுக்கத்தக்க பணிகளின் பட்டியலில் ஏவு வாகனச் செயல்பாடுகளையும் வைத்துள்ளது. செல்பேசிச் சேவைக்கு ஏலம், ராக்கெட்டுக்கு ஏலமில்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதும் நல்ல வகுப்பறைக் கேள்வி.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. நிலப்படத்தில் குலசேகரன்பட்டினத்தை மையமாக வைத்து, அளவுக்கேற்ப 1130 கி.மீ. ஆரத்தில் வட்டம் வரையச் சொல்லுங்கள். எந்தெந்த நாடுகள் வட்டத்துக்குள் வருகின்றன? இலங்கை முழுவதும், மாலத்தீவின் தலைநகர் மாலேயும் உள்ளே வருவதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

2. 2200 முதல் 2290 வரை, ஒன்றன்மேல் ஒன்று படியாமல், 5 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசைகள் எத்தனை? (விடை: 18)

3. நொடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் நேராக விலகிச் செல்லும் ராக்கெட்டின் 2250 மெகாஹெர்ட்ஸ் சைகை, டாப்ளர் விளைவால் எவ்வளவு மாறும்? (விடை: சுமார் 56 கிலோஹெர்ட்ஸ் குறையும்)

4. வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள்: ராக்கெட் நிறுவனம், ராணுவம், தொலைக்காட்சி நிலையம், விமானச் சோதனைக் குழு, ஒழுங்குமுறை ஆணையம். ஒரே நாளில் அனைவருக்கும் அலை தேவை. இடம், நேரம், அதிர்வெண் மூன்றையும் எழுதிய அட்டவணையை ஆணையக் குழு தயாரிக்க வேண்டும். கடைசி நேரத்தில் ‘மழையால் ஏவுதல் ஒரு நாள் தள்ளிப்போகிறது’ என்று அறிவியுங்கள். அட்டவணை எப்படிக் கலைகிறது, யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

நான்காவது செயல்பாட்டுக்கு மட்டும் ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். குழுக்கள் முதலில் தம் பங்குக்காக வாதாடும். மழை அறிவிப்பு வந்த பிறகே அடுத்தவரின் தேவையைக் கேட்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொதுச்சொத்தைப் பலர் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதை மாணவர்கள் அப்போது செய்தே அறிவார்கள்.