ஐந்து அணிந்துரைகளுக்குப் பிறகு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள தம்பிக்கு,

புத்தகம் கிடைத்தது. ஒரே மூச்சில் படித்தேன் என்று எழுத ஆசைதான். ஐந்து அணிந்துரைகளைத் தாண்டவே ஒரு பொழுது போய்விட்டது. நெறியாளர், துறைத்தலைவர், இன்னும் இரண்டு பேராசிரியர்கள், கடைசியில் ஒரு முன்னாள் அமைச்சர். ஒருவரும் உள்ளே புரட்டிப் பார்த்த மாதிரி தெரியவில்லை. அட்டையில் உன் பெயருக்கு முன்னால் 'முனைவர்' வேறு. பிள்ளைச்சாவடிக் குப்பத்துப் பிள்ளை பக்கத்திலிருக்கும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியதில் எனக்கும் பெருமைதான். அதை வீட்டுச் சுவரில் மாட்டு. அட்டையில் எதற்கு?

காலாப்பட்டில் படித்துவிட்டுப் புத்தகம் போடும் எல்லோர் மேலும் எனக்கு இந்த எரிச்சல் உண்டு. வைவா முடிந்த கையோடு ஆய்வேட்டை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். இயல் ஒன்று, இயல் இரண்டு, தொகுப்புரை! பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத எழுத்தாளர் கி.ரா. 1989இல் வருகைதரு பேராசிரியராக வந்த இடமய்யா அது. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் வேலை அவருக்கு. பிற்பாடு அவரைப் பார்க்க இலாசுப்பேட்டைக்குப் போவோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் சாப்பாட்டில் வந்து நிற்கும். கதை கேட்டோமா, ஊர்வம்பு கேட்டோமா என்று தெரியாமல் திரும்பிவருவோம். இப்போது பல்கலைக்கழகப் பக்கம் போனால் எல்லாரும் கருத்தரங்கம் என்கிறார்கள்.

சரி, உன் புத்தகத்தின் விஷயத்துக்கு வருகிறேன். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். வடக்கே போகவேண்டிய மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு வடக்கே உங்கள் ஊர்வரை வந்துவிட்டது. இதைச் சின்னப் பிள்ளைக்கும் புரிகிறாற்போல் சொல்லியிருக்கிறாய். சொல்லிவிட்டு, 'எனக் கருத இடமுண்டு' என்று முடிக்கிறாயே, யாருக்குப் பயம்? உன் வீட்டுக் கொல்லைப்புறம் கடலுக்குள் கிடக்கிறது. இதில் கருத என்ன இருக்கிறது?

112ஆம் பக்கம். பின்சுவர் விழுந்த இரவில் நீயும் அம்மாவும் வாசல் கதவை நிலையோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சுவரில் அதைச் சாத்திவைத்துவிட்டு, அம்மா மறக்காமல் பூட்டுப் போடுகிறாள். மொத்தம் ஆறு வரி. எழுத்தாளர் பிரபஞ்சன் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஆறு வரிக்காக உன்னைத் தேடி வந்திருப்பார். கடலைப் பற்றி நான் எழுதிய எதிலும் இப்படி ஒரு பூட்டு கிடையாது.

அந்த இடத்தில் போய் ஓர் அடிக்குறிப்பு எண்! கீழே பார்த்தால், 'தகவலாளி: பெண், வயது 58, மீன் விற்பனை.' பெற்ற தாயையடா! அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த பதிப்பு வந்தால் அந்த ஐந்து பேரையும் எடுத்துவிடு. ஆறு வரியை அறுபது பக்கமாக எழுது. பூட்டின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை நீ.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நெத்திலிக் கருவாடு இருந்தால் கொஞ்சம் எடுத்துவைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.