புல்தரைக்கு மாற்று: நீரைச் சேமிக்கும் வீட்டுத் தோட்டம்

2024 மார்ச் மாதத்தில் பெங்களூர் மாநகரம் கடும் குடிநீர்ப் பற்றாக்குறைக்கு உள்ளாயிற்று. தோட்டத்திற்குக் குடிநீரைப் பாய்ச்சுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படும் என நகரக் குடிநீர் வாரியம் அறிவித்தது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொணரப்படும் காவிரி நீர், அழகுப் புல்லுக்குப் பயன்படலாமா என்பது சிந்திக்கத்தக்க வினாவாகும்.

நீர்க் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நிற்கும் நீரின் அளவு ஒரு லிட்டர். கோடையில் புல்தரை நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை இழக்கிறது. எனவே 50 சதுர மீட்டர் புல்தரைக்கு அன்றாடம் 250 லிட்டர் தேவை. பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாட்டின் குடிநீர் வழங்கல் அளவுகோல். ஆக, ஏறத்தாழ இருவருக்குரிய நீரைப் புல் உறிஞ்சிவிடுகிறது.

இதற்காக நிலத்தைச் சிமெண்டால் மூடுவது பெருந்தவறாகும். மூடிய நிலம் வெப்பத்தைப் பெருக்கும். மழைநீர் மண்ணுள் இறங்காது வடிகாலில் ஓடிவிடும்.

மாற்றும் முறை

மார்ச் மாதத்தில் புல்லை ஒட்ட வெட்டி, பழைய செய்தித்தாள்களை அடுக்கடுக்காகப் பரப்பி நனைத்து, அவற்றின் மேல் சருகுகளைக் கனமாக இட வேண்டும். ஒளியின்றிப் புல் மடிந்து உரமாகும். கோரை இவ்வாறு மடியாது. அதனைக் கிழங்கோடு தோண்டி அகற்றுதல் அவசியம்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் செடிகளை நடலாம். தரையில் படரப் பொடுதலை ஏற்றது; அதன் சிறு பூக்களைத் தேனீக்கள் நாடி வரும். வேலியோரத்தில் நொச்சி, ஆடாதோடை ஆகியவற்றையும், சரிவான இடங்களில் வெட்டிவேரையும் வளர்க்கலாம். வேகமாகப் பரவிக் காடுகளையே ஆக்கிரமித்துவிட்ட உண்ணிச்செடியைத் தவிர்ப்பது நலம். குழந்தைகள் விளையாடச் சிறிதளவு அருகம்புல்லை விட்டுவைப்பதில் தவறில்லை.

முதல் ஆண்டில் இச்செடிகளுக்கும் நீர் ஊற்ற வேண்டும். அரிசி, காய்கறி கழுவிய நீரே பெரிதும் உதவும். வேர் ஆழ ஊன்றிய பின் தேவை வெகுவாகக் குறையும்.

பெங்களூரின் சராசரி ஆண்டு மழை 900 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. 50 சதுர மீட்டர் தோட்டத்தில் மட்டும் விழுவது 45,000 லிட்டருக்கு மேலாகும். அந்நீரை மண்ணில் நிறுத்துவதே நல்ல தோட்டத்தின் இலக்கணம்.