ஜீப்பை உயர்த்தப் போய்...

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, ‘எதைப் பற்றி எழுதுவது?’ என்று விழித்தேன். “நீ உங்க மாமா ஜீப்புல பண்ணின கூத்தையே எழுதேன்டா, நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்” என்றார்கள் வகுப்பு நண்பர்கள். கூத்து என்று அவர்கள் சொல்வது ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இன்றும் சத்தமாகப் பேசக்கூடாத விஷயம். இருந்தாலும் எழுதுகிறேன்.

என் மாமா துறையூருக்கு அந்தப் பக்கம், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறார். பழைய மகிந்திரா டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறங்கும். கீழேயிருந்து அரிசி, சிமெண்டு, சில நாள் பிரசவ வலியோடு ஒரு பெண், எல்லாம் அதில்தான் போய்வரும். தார்ச்சாலை முடிந்த பிறகு ஒரு மண்பாதை. அதில் ஒரு பாறை. பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டை அதன்மேல் ‘டங்’ என்று இடிக்காத நாள் கிடையாது.

“மாப்ள, நீதான் ஆட்டோமொபைல் படிக்கிறியே, வண்டிய ரெண்டு இஞ்சி தூக்க முடியாதா?” என்றார் மாமா. இரண்டாமாண்டு முடித்திருந்த கர்வம் எனக்கு. “அது ஒண்ணும் பெரிய வேலையில்ல மாமா, ஷேக்கிளை நீளமாப் போட்டா வண்டி தன்னால தூக்கிக்கும்” என்றேன். ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையைச் சட்டத்தோடு கோக்கும் இரண்டு இரும்புத் துண்டுகள்தான் ஷேக்கிள். ஒரு பட்டறையில் நான் வரைந்து கொடுத்த அளவுக்கு 50 மி.மீ. கூடுதல் நீளத்தில் வெட்டி, முன்னும் பின்னும் மாட்டினோம். ஜீப் கம்பீரமாக நின்றது. மாமா எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

முதல் வாரம் சுமையோடுதான் ஓடியது, ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் இரண்டு பிள்ளைகளும் நானும் ஏறி, மூட்டை எதுவுமில்லாமல் மலையிலிருந்து இறங்கினோம். வலப்பக்கம் பள்ளம். வலதுகை வளைவு ஒன்றில் திருப்பிவிட்டு, மாமா வழக்கம்போல ஸ்டியரிங்கைக் கைக்குள் நழுவவிட்டார். வளைவு முடிந்ததும் சக்கரம் தானாக நேராகத் திரும்பிக்கொள்ளும் என்பது முப்பது வருஷக் கைப்பழக்கம். அன்று அது திரும்பவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. ஜீப் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. மாமா எழுந்து நின்று இழுத்த இழுப்பில் முன் பம்பர் தடுப்புக் கல்லில் உரசி நின்றது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ரசமட்டமும் கோண அளவியும் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும்.

முன் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த கிங்பின், செங்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும், கையை விட்டு ஓட்டினாலும் அது ஓரளவு நேரே போவதும் இதனோடு சேர்ந்ததுதான். இந்த மாதிரி ஜீப்களில் காஸ்டர் சுமார் 3 டிகிரி. இப்போது கணக்கைப் பாருங்கள். மாமா ஜீப்பின் முன் ஸ்பிரிங், கண்ணிலிருந்து கண்ணுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. அதன் ஷேக்கிள் இருப்பது முன்முனையில். அந்த முனையை நான் 50 மி.மீ. கீழே தள்ளிவிட்டேன். 50-ஐ 900-ஆல் வகுத்தால் 0.055, அது 3 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட கோணத்தின் டான்ஜெண்ட். ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஆக்ஸிலும் அவ்வளவு முன்னோக்கிக் கவிழ்ந்தது. இருந்ததே 3 டிகிரி! அளவியில் ஒரு டிகிரிகூடக் காட்டவில்லை. சுமை ஏற்றியபோது பின்புறம் தாழ்ந்து, முகம் நிமிர்ந்து, கொஞ்சம் காஸ்டர் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதனால்தான் முதல் வாரம் ஏமாந்தோம்.

இன்னொரு வேடிக்கை. ஆக்ஸில் ஸ்பிரிங்கின் நடுவில் இருப்பதால், ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி உயர்வது 25 மி.மீ. மட்டுமே. அதைவிடப் பெரிய வேடிக்கை, பாறையில் இடித்தது டிஃபரன்ஷியல். அது ஆக்ஸிலோடு சக்கரத்தின் மட்டத்தில் இருக்கிறது. சட்டத்தை எவ்வளவு தூக்கினாலும் அது ஒரு நூல்கூட உயராது! அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. அதுவும் டயரின் விட்டத்தில் கூடுவதில் பாதிதான் கிடைக்கும். 6.00-16 டயருக்குப் பதில் 7.00-16 போட்டால் விட்டம் சுமார் 50 மி.மீ. கூடும், உருண்டை 25 மி.மீ. உயரும். அதற்கு விலையாக இழுவை ஏழு சதவீதம் குறையும். மலை ஏறும் வண்டிக்கு அது சின்ன விலை அல்ல.

இப்போது கையில் காசுள்ள நண்பர்கள் சிலர், “அது பட்டை ஸ்பிரிங் கதை. எங்க வண்டியில காயில் ஸ்பிரிங், கன்ட்ரோல் ஆர்ம் இருக்கே?” என்று கேட்கிறார்கள். பட்டை ஸ்பிரிங் ஒரே ஆளாக இரண்டு வேலை பார்க்கிறது: பாரம் தாங்குகிறது, ஆக்ஸிலை அதன் இடத்திலும் பிடித்து வைக்கிறது. காயிலுக்குத் தாங்க மட்டும்தான் தெரியும். பிடித்து வைக்கத் தனியே கைகள் வேண்டும். அவைதான் கன்ட்ரோல் ஆர்ம்கள். அமெரிக்க ஜீப் ராங்ளர் 1997-ஆம் ஆண்டு மாடலில் பட்டையை விட்டு நான்கு சக்கரத்திலும் காயிலுக்கு மாறியது. அந்த அமைப்பில் 400 மி.மீ. நீளமுள்ள, கிடையாக இருந்த ஒரு கையை, வண்டியை 75 மி.மீ. தூக்கிச் சாய்த்தால், ஆக்ஸில் 7 மி.மீ. இடம் பெயரும், கை 11 டிகிரி சாயும். ஒவ்வொரு குழியின் அதிர்ச்சியும் அந்தச் சாய்வு வழியாகத்தான் சட்டத்துக்கு ஏறும். கை 800 மி.மீ. ஆனால் பெயர்ச்சி மூன்றரை மி.மீ., சாய்வு ஐந்தரை டிகிரிக்கும் குறைவு. நீளக் கைகளை விலை கொடுத்து வாங்குவதற்கு இதுதான் காரணம், பார்வைக்காக அல்ல. பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடையும் சரிக்கட்டாவிட்டால் ஆக்ஸில் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியில் முன் ஆக்ஸிலை இரண்டு கைகள் இறுகப் பற்றியிருக்கின்றன. கை எவ்வளவு சாய்கிறதோ காஸ்டரும் அவ்வளவு குறையும். அதாவது என் ஷேக்கிள் கதையேதான். காஸ்டர் சரிசெய்யும் புஷ் அல்லது மாற்றுக் கைகள் இல்லாமல் 50 மி.மீ. காயில் மட்டும் போடுவது, நான் செய்ததைக் கூடுதல் செலவில் செய்வது. 2020-இல் வந்த புதிய தாரில் முன்புறம் விஷ்போன் கைகளோடு தனித்தனிச் சக்கர அமைப்பு, பின்புறம் காயிலும் இணைப்புக் கைகளும் கொண்ட முழு ஆக்ஸில். முன்னால் ஸ்பேசர் வைத்துத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டும் பால் ஜாயிண்டும் எப்போதும் எல்லையை ஒட்டிய கோணத்திலேயே வேலை செய்யும். மேல் கையை அதற்கேற்ற வடிவில் மாற்றினால் பால் ஜாயிண்டுக்கு நிம்மதி; டிரைவ் ஷாஃப்டுக்கு அதனாலும் நிம்மதி கிடையாது. எதைத் தூக்கினாலும் பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டுப் பாருங்கள். இதை மறந்தவர்கள் உண்டு.

புவியீர்ப்பு மையத்தையும் மறக்கக் கூடாது. சக்கர இடைவெளி 1250 மி.மீ., மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஏட்டுக் கணக்கில் வண்டி ஏறத்தாழ 42 டிகிரி சரிவில் கவிழும். உயரம் 775 ஆனால் 39. ஸ்பிரிங் அமுங்குவதும், மேலே உட்கார்ந்திருக்கும் நாலு பேரும் இந்தக் கணக்கில் இல்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். இதைப் படித்தபோதுதான் எனக்கு இரண்டாவது முறையாக வியர்த்தது.

காஸ்டரை மீட்க ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. தேருக்கு முட்டுக்கட்டை போடும் ஊர்க்காரனுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் ஒரு தப்பை இன்னொன்றால் முட்டுக்கொடுக்க மனமில்லை. ஷேக்கிளைக் கழற்றிப் பழையதையே மாட்டினோம். அப்போதுதான் பட்டைகளைச் சரியாகப் பார்த்தேன். வளைவெல்லாம் போய்க் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்தன. இவ்வளவு வருஷச் சுமையில் ஜீப் 40 மி.மீ. தாழ்ந்திருந்தது. மாமா கேட்ட உயரத்தில் பெரும்பகுதி கம்பெனி கொடுத்து, நாங்கள் தொலைத்த உயரம்! பட்டையைச் சுடவைத்து அடித்து வளைப்பவர்கள் இருக்கிறார்கள். முறையாகப் பதமேற்றாவிட்டால் அது சீக்கிரம் தொய்யும் அல்லது உடையும். அதனால் அசல் அளவில் புதிய பட்டைகள், புது புஷ், புது யு-போல்ட். அளந்தபோது காஸ்டர் 3 டிகிரிக்கு வந்துவிட்டது.

மாமாவை முதலில் தனியாக ஓட்டச் சொன்னேன். பிறகு நான் ஏறினேன். அத்தை ஏற மூன்று வாரம் ஆனது.

“எல்லாஞ் சரி மாப்ள, அந்தப் பாறை அங்கயேதான இருக்கு?” என்றார் மாமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலூர்க்காரர்கள் ஐந்து பேர், இரண்டு கடப்பாரை, ஒரு பானை நீராகாரம். மதியத்துக்குள் பாறையைப் புரட்டி ஓரத்தில் தள்ளிவிட்டோம்.