வளரும் தொழிலகமும் தொலைபேசி வசதியும்

மும்பையின் டிராம்பே பகுதியிலுள்ள சீத்தா கேம்ப், 1976ஆம் ஆண்டில் உருவான குடியிருப்பாகும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை அடுத்திருந்த ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். அந்நாளில் பம்பாயில் தொலைபேசிக்கு மனுச் செய்தவர்கள் இணைப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இன்று அத்தட்டுப்பாடு நீங்கிவிட்டது. கிடைப்பனவற்றுள் தமக்குப் பொருத்தமானது எது என்பதே சிறுதொழில் நடத்துவோர் முன்னுள்ள கேள்வி.

எடுத்துக்காட்டாக, இக்குடியிருப்பில் இருவர் தொடங்கிய ஆயத்த ஆடைத் தையலகம் ஒன்று, இருபது பேருக்கு வேலை தரும் அளவுக்கு வளர்ந்துவிட்டது என்று கொள்வோம். உரிமையாளரின் கைப்பேசியே அதன் ஒரே தொடர்பு. அவர் துணி வியாபாரியுடன் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு வாடிக்கையாளர் அழைக்கிறார், தொடர்பு கிடைக்கவில்லை. அவர் வேறு தையலகத்தை நாடிவிடுகிறார். இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. எனினும், இருபது குடும்பங்களின் வருவாய் இத்தகைய அழைப்புகளையே சார்ந்திருக்கிறது.

நெருக்கடி நேரமே அளவுகோல்

பணியாளர் எண்ணிக்கையைக் கொண்டு தொலைபேசித் தடங்களை முடிவு செய்வது தவறு. தையல் பொறியில் அமர்ந்திருப்பவருக்குத் தனித் தடம் வேண்டியதில்லை. நாளின் மிக நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்புகளும் செல்லும் அழைப்புகளும் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பனவே கணக்கிடத்தக்கவை. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் டென்மார்க் கணித அறிஞர், இதற்கான வாய்பாட்டை 1917ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

நம் தையலகத்தில் நெருக்கடி மணியில் இருபது அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடம் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை. எர்லாங் வாய்பாட்டின்படி, ஒரு தடம் மட்டும் இருந்தால் இருபதில் 10 அழைப்புகள் தடைபடும். இரண்டு தடங்கள் இருந்தால் 4. மூன்று இருந்தால் ஒன்றேகால். நான்கு இருந்தால், மூன்று மணி நேரத்துக்கு ஓர் அழைப்பு என்ற அளவுக்குக் குறைந்துவிடும். தடைபட்டவர் மீண்டும் மீண்டும் முயன்றால் நெரிசல் இதனினும் சற்று மிகும்.

இரண்டாம் தடம் மணிக்கு 6 அழைப்புகளைக் காக்கிறது. ஐந்தாம் தடமோ நான்கு மணி நேரத்தில் ஓர் அழைப்பைத்தான் காக்கிறது. பொருளியலார் கூறும் குறைந்து செல் பயன்பாட்டு விதி இங்கும் செயற்படுகிறது. கூடுதல் தடத்தின் செலவு, அது காக்கும் அழைப்புகளால் கிடைக்கக்கூடிய இலாபத்தை விஞ்சும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். தொழில் பெருகி அழைப்புகள் இருமடங்கானாலும் தடங்களை இருமடங்காக்க வேண்டியதில்லை. அதே தரத்துக்கு, நான்குக்குப் பதில் ஆறு தடங்கள் போதும். ஆயினும் தடங்களை மட்டும் பெருக்கிவிட்டு, எடுத்துப் பேச ஆளில்லாவிடில் பயனில்லை.

எந்த அமைப்பு?

ஓரிருவர் மட்டும் பேசும் தொழிலுக்கு, தொழிலுக்கென்றே தனியாக வைத்த கைப்பேசி எண் போதுமானது. அலுவலகம், கிடங்கு, வெட்டும் பகுதி எனப் பிரிவுகள் தோன்றும்போது, ஒரே எண்ணுக்கு வரும் அழைப்பை உரியவரிடம் மாற்றித்தரும் இபிஏபிஎக்ஸ் என்னும் உள்ளிணைப்புப் பெட்டி தேவைப்படுகிறது. மூன்று வெளித்தடங்களும் எட்டு உள்ளிணைப்புகளும் கொண்ட சிறு பெட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. வாங்கும்போது, பின்னர் அட்டைகளைச் சேர்த்து விரிவாக்க இயலுமா என்று கேட்டறிதல் வேண்டும். பணியாளர் பல இடங்களில் இருப்பின், இணையவழித் தொலைபேசிச் சேவை ஏற்றது. இதற்கு முதலீடு குறைவு. ஆனால் மாதக் கட்டணம் தொடர்ந்து வரும்.

மின்தடையையும் கருதுதல் நன்று. பழைய செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. இணையவழிச் சேவையோ நம் இடத்து மின்சாரத்தை நம்பியது. மாற்று மின்கலம் இன்றியமையாதது.

எண் யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதும் முக்கியம். பங்காளி ஒருவர் விலகும்போது எண் அவருடன் சென்றுவிட்டால், வாடிக்கையாளரும் உடன் செல்வர். எண் நிறுவனத்தின் பெயரில் இருத்தலே முறை. 2011ஆம் ஆண்டு சனவரி முதல், கைப்பேசி எண்ணை மாற்றாமலேயே சேவை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடெங்கும் உள்ளது.

நாடு கற்ற பாடம்

1984ஆம் ஆண்டில் அரசு நிறுவிய சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு வளர்ச்சி மையம், சிற்றூர்களுக்கென 128 தடங்கள் கொண்ட தானியங்கித் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. குளிர்சாதன வசதியின்றி, வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்குமாறு அது வடிவமைக்கப்பட்டது. சிற்றூரின் தேவைக்கு அளவான கருவி என்பதே அதன் சிறப்பு. சிறுதொழிலுக்கும் இது பொருந்தும். ஒரு வார காலம், மணிவாரியாக அழைப்புகளையும் எடுக்கத் தவறியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரட்டும். விற்பனையாளரை அழைப்பதற்கு முன் அக்குறிப்பேடு கையில் இருக்குமாயின், தேவைக்கு மிஞ்சிய கருவியில் முதல் முடங்காது. வாயில் தேடி வந்த வேலையும் திரும்பிப் போகாது.