பட்ஜெட் தாமதமா? சம்பளம் கட்!

கேள்வி: பட்ஜெட்டை உரிய நாளில் நிறைவேற்றாத சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று எங்காவது சட்டம் உண்டா?

பதில்: உண்டு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். அங்கே பட்ஜெட் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்றிருந்தது. சிறுபான்மைக் கட்சி முரண்டு பிடித்தால் மாதக்கணக்கில் இழுபறிதான். 2009-ல் கஜானா வறண்டுபோய், தர வேண்டிய பணத்துக்குப் பதிலாக ‘பிறகு தருகிறோம்’ என்று கடன் சீட்டு நீட்டியது மாநில அரசு.

2010 நவம்பரில் மக்களே வாக்களித்து விதியை மாற்றினார்கள். 25-வது முன்மொழிவு என்று அதற்குப் பெயர். பட்ஜெட்டுக்கு இனி சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் ஜூன் 15-ஐத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சம்பளமும் படியும் போச்சு. பிற்பாடு கேட்டு வாங்கவும் முடியாது. வரியை உயர்த்த மட்டும் பழைய மூன்றில் இரண்டு பங்கு விதியே நீடிக்கிறது.

மறு வருடமே சோதனை வந்தது. கெடு நாளில் நிறைவேறிய பட்ஜெட்டை ஆளுநர் ஜெர்ரி பிரௌன் மறுநாளே நிராகரித்தார். ‘வரவும் செலவும் பொருந்தவில்லை’ என்று மாநிலக் கணக்கு அதிகாரி ஜான் சியாங் சம்பளத்தை நிறுத்தினார். அதை முடிவு செய்ய அவருக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். இப்போது பட்ஜெட் நாள் தவறுவதில்லை. விவரங்களை நிரப்பும் துணை மசோதாக்கள்தான் சாவகாசமாக வருகின்றன!