பயோடேட்டா: காசும் மிச்சம், கை மேல் பலனும்!

திருவேட்டக்குடி என்.ஐ.டி., செருமாவிலங்கை வேளாண் கல்லூரி, அறிஞர் அண்ணா கலைக் கல்லூரி, அவ்வையார் மகளிர் கல்லூரி, பாலிடெக்னிக் என்று நம் காரைக்காலில் படிக்க இடத்துக்குக் குறைவில்லை. படிப்பு முடிந்ததும்தான் ஓட்டம் ஆரம்பிக்கிறது. பிரௌசிங் சென்டரில் யாரோ ஒருவருடைய பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றி வாங்கிய பயோடேட்டாவை ஊர் முழுக்கக் கொடுத்தால் யார் கூப்பிடுவார்கள்? கையில் இருக்கும் சரக்கை வைத்தே, அதிகச் செலவில்லாமல் நல்ல பயோடேட்டா தயாரிக்க இதோ சில குறிப்புகள். படித்த பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து உதவும் அக்கா, அண்ணன்மாருக்கும் சேர்த்துத்தான்.

1. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு பழைய நோட்டை எடுங்க. காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து செய்ததையெல்லாம் தமிழிலேயே கிறுக்கி வைங்க. இங்கிலீஷ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு, வீட்டுத் திண்ணையில் யோசிப்பது இலவசம்.

2. அந்த நோட்டிலிருந்து எல்லாம் அடங்கிய ஒரு பெரிய ஃபைல் தயார் செய்து பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க. மாவை ஒரு தடவை அரைத்து வைத்துக்கொண்டு இட்லி, தோசை, பணியாரம் என்று ஊற்றுவதுபோல, ஒவ்வொரு வேலைக்கும் அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து ஒரு பக்கத்துக்குள் அடக்குங்க. துறைமுகம் சார்ந்த கம்பெனிக்கு டாலி, ஜி.எஸ்.டி., ஆவண வேலை மேலே வரட்டும். பள்ளிக்கூடத்துக்கு டியூஷன் எடுத்தது மேலே வரட்டும். லியோனார்டோ டா வின்சி 1480களில் மிலான் ஆட்சியாளரிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில் பாலம், பீரங்கி, போர்க்கருவி செய்யத் தெரியும் என்பதைத்தான் முதலில் வரிசையாக அடுக்கினார். ஓவியம் கடைசியில்தான் வந்தது. கேட்பவருக்கு என்ன வேண்டுமோ அது முதலில்!

3. ஊர்ப் பெயரில் கவனம். சென்னையிலும் பெங்களூரிலும் காரைக்கால் என்றால் காரைக்குடி என்றே பாதிப் பேர் படிக்கிறார்கள். “காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், 609602” என்று பின்கோடோடு ஒரே வரியில் போட்டால் போதும். கதவு எண், தெரு, சந்து எதுவும் வேண்டாம்.

4. வேலை தேடும் ஆப்களில் மாநிலம் என்ற இடத்தில் புதுச்சேரி என்று மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீங்க. “நாளைக் காலை நேரில் வாங்க” என்று புதுச்சேரி நகரத்திலிருந்து போன் வரும். அது நமக்கு 130 கிலோமீட்டர் தள்ளி. ஊர் என்ற கட்டத்தில் காரைக்கால் என்று போட்டு, திருச்சி, சென்னை, பெங்களூரு போகத் தயார் என்றால் அதையும் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்க. பஸ் காசும் அலைச்சலும் மிச்சம்.

5. நம் ஊர் மாநிலக் கணக்கில் புதுச்சேரி, ஆனால் பத்தாவது, பன்னிரண்டாவது பலருக்கும் தமிழ்நாடு போர்டு. வெளியூர் ஹெச்.ஆர். இதைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க, போர்டின் பெயரை முழுசாக எழுதுங்க. நம் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 2023-24ஆம் கல்வியாண்டில்தான் சி.பி.எஸ்.இ.க்கு மாற ஆரம்பித்தன, அதனால் அண்ணனுக்கு ஒரு போர்டு, தம்பிக்கு வேறு போர்டு இருக்கும். அண்ணன் ஃபைலை அப்படியே தம்பிக்குக் காப்பி அடிக்க வேண்டாம்.

6. பெயரும் இனிஷியலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் சர்டிபிகேட் சரிபார்க்கும் நாளில்தான் தலைவலி தெரியும். பயோடேட்டாவில் பத்தாவது மார்க் ஷீட்டில் இருப்பதையே போடுங்க. மற்றதை இப்போதே திருத்த எழுதிக் கொடுத்துவிடுங்க.

7. “நல்ல நிறுவனத்தில் பணிபுரிந்து என் திறமையை வளர்க்க விரும்புகிறேன்” என்ற குறிக்கோள் பத்தியைத் தூக்கிவிடுங்க. அது எல்லோரும் எழுதுவது. அந்த இடத்தில் “பி.காம் முடித்தவர், டாலி தெரியும், கடைக் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு” என்று ரெண்டு வரி போட்டால் ஆளே கண் முன்னால் வந்து நிற்பார்.

8. அனுபவம் இல்லை என்று யாரும் சொல்லாதீங்க. பாரதியார் ரோட்டு ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்கு நின்றிருப்பீர்கள். அதை “பகுதி நேர வேலை” என்று ரெண்டு வார்த்தையில் முடித்தால் வீண். எத்தனை வாரம், என்ன வேலை, யாரிடம் பொறுப்பு என்று பிரிங்க: “3 வாரம் கல்லாவில் பில் போட்டேன்; தினமும் இரவு ரொக்கத்தையும் பில்லையும் சரிபார்த்து முதலாளியிடம் ஒப்படைத்தேன்.” ரொக்கத்தை நம்பி ஒப்படைத்தார்கள் என்பது எந்த சர்டிபிகேட்டுக்கும் குறைந்ததில்லை.

9. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அப்பாவின் படகுக்கு டீசல், ஐஸ், வலை, பங்கு என்று நோட்டில் கணக்கு எழுதிக் கொடுப்பதை வீட்டு வேலை என்று விட்டுவிடுகிறீர்கள். “படகின் வரவு செலவைக் கவனித்தேன், ஒவ்வொரு கடல் பயணத்துக்கும் செலவைக் கழித்துத் தொழிலாளர் பங்கைப் பிரித்தேன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வலைப் பழுது, கடன் தவணைக்குத் திட்டம் போட்டேன்” என்று எழுதிப் பாருங்க. கணக்கர் வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்த வரியில் கட்டாயம் நிற்பார். உண்மையாகச் செய்திருந்தால் கூச்சமே வேண்டாம், பெருமையாகப் போடுங்க.

10. என்.எஸ்.எஸ். என்று மூன்று எழுத்தோடு நிறுத்திவிடாதீங்க. ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஒரு 7 நாள் சிறப்பு முகாம் என்பது முழு சர்டிபிகேட்டின் கணக்கு. அதை அப்படியே எழுதி, முகாம் நடந்த கிராமத்தையும் நீங்கள் செய்த வேலையையும் சேர்த்துப் போடுங்க. என்.சி.சி. என்றால் ‘பி’யா ‘சி’யா என்று சொல்லுங்க.

11. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாற்றில் தன்னார்வலராக நின்றீர்களா? ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வரிசையை ஒழுங்குபடுத்தினீர்களா? மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்கு உழைத்தீர்களா? கூட்டத்தைப் பொறுமையாகச் சமாளிக்கத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஹோட்டல், மருத்துவமனை வரவேற்பு, டிராவல்ஸ் வேலைக்கு மறக்காமல் எழுதுங்க.

12. வேளாண் படித்தவர்கள் கிராமத்தில் தங்கிச் செய்த ஊரகப் பணி அனுபவத்தை ஒரே வரியில் முடிக்கக் கூடாது. எந்தக் கிராமம், எந்தப் பயிர், எத்தனை விவசாயிகளிடம் பேசினீர்கள், எதைச் செய்து காட்டினீர்கள் என்று நாலு விவரம் போடுங்க. விதை கம்பெனியும் வங்கியின் விவசாயக் கடன் பிரிவும் தேடுவது அதைத்தான்.

13. இன்ஜினீயரிங் பிராஜெக்டில் தலைப்பைவிட உங்கள் பங்கு முக்கியம். நாலு பேர் சேர்ந்து செய்தால் “நான் சர்க்யூட் போட்டேன்”, “நான் கோட் எழுதினேன்” என்று பிரித்துச் சொல்லுங்க. கடையில் வாங்கிய பிராஜெக்டைப் பெருசாக எழுதினால் இன்டர்வியூவில் ரெண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

14. மார்க்கை எழுதும்போது எதற்கு எவ்வளவு என்று சேர்த்துப் போடுங்க: 8.1/10. சதவீதம் கேட்டால் உங்கள் பல்கலைக்கழகம் சொன்ன முறையில்தான் மாற்ற வேண்டும்; தோழியின் பல்கலைக்கழகக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். எழுதித் தேறிவிட்ட அரியரைப் பயோடேட்டாவில் நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நிலுவையில் இருப்பதை யாராவது கேட்டால் மறைக்க வேண்டாம்.

15. ஒரு மணி நேர வெபினாரில் வாங்கிய பங்கேற்புச் சான்றிதழ் பத்து இருந்தாலும் ஒன்றுகூட வேண்டாம். அதற்குப் பதில் ஒரு என்.பி.டி.இ.எல். ஆன்லைன் கோர்ஸை உருப்படியாக முடிங்க. பாடம் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். 60க்கு மேல் எடுத்தால் ‘எலைட்’ என்று சான்றிதழிலேயே வரும், அதை மதிப்பெண்ணோடு எழுதுங்க.

16. மொழி நமக்குப் பெரிய பலம். பள்ளியில் பிரெஞ்சு எடுத்தவர்கள் “பிரெஞ்சு தெரியும்” என்று மொட்டையாக எழுதாமல், டெல்ஃப் தேர்வு எழுதியிருந்தால் ஏ2, பி1 என்று நிலையைப் போடுங்க. இந்திப் பிரச்சார சபாவில் எதுவரை படித்தீர்கள் என்பதும், எந்த மொழியில் பேச, படிக்க, எழுத முடியும் என்பதும் தனித்தனியாக வரட்டும்.

17. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்திருந்தால் பழைய காலத்து விஷயம் என்று ஒதுக்காதீங்க. ஆபீஸ் வேலைக்கு அந்த ஒரு வரி இன்னும் எடுபடுகிறது.

18. போட்டோ வேண்டுமா வேண்டாமா என்பது போகிற ஊரைப் பொறுத்தது. பாரிஸில் மாமா இருக்கிறார் என்று பிரான்ஸுக்கு முயற்சி செய்பவர்கள் ஒரே பக்கத்தில் முடிங்க. அங்கே போட்டோ வைப்பது பலரும் செய்கிற பழக்கம், கட்டாயமில்லை. யூரோபாஸ் என்ற ஐரோப்பிய மாதிரி 2005 முதல் இருக்கிறது, இணையத்தில் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். துபாய், மஸ்கட் என்றால் போட்டோ, குடியுரிமை, விசா நிலை எதிர்பார்ப்பார்கள். லண்டனுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பும்போது போட்டோ, வயசு, கல்யாணம் ஆனதா என்பது எதுவுமே கூடாது. உள்ளூர்த் தனியார் கம்பெனிக்கு அப்பா பெயர், மதம், சாதி எழுதுவதை நிறுத்திவிடலாம்.

19. ஆதார் எண், பான் எண், பேங்க் கணக்கு மூன்றையும் பயோடேட்டாவில் போடவே போடாதீங்க. வேலைக்கு முன்பணம் கட்டச் சொன்னால் அந்தப் போனை அங்கேயே வைத்துவிடுங்க. அப்பா அம்மா சேர்த்த காசு அது.

20. கடைசியில் வரும் “மேலே சொன்ன யாவும் உண்மை” என்ற உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து தனியார் வேலைக்குத் தேவையில்லை. அரசு விண்ணப்பத்தில் கேட்டால் மட்டும் அங்கே எழுதுங்க. இதனால் மிச்சமாகும் இடத்தில் இன்னொரு அனுபவம் ஏறும்.

21. கட்டம், ரெண்டு பத்தி, கலர் பட்டை போட்ட அழகான டிசைனுக்குக் காசு கொடுக்காதீங்க. பெரிய கம்பெனிகளில் முதலில் படிப்பது மென்பொருள். கட்டத்துக்குள் இருப்பதை அது குழப்பிவிடலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம்: பி.டி.எஃப்.இலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் போடுங்க. வரிசை மாறாமல் வந்தால் கவலையில்லை.

22. ஃபைலுக்கு ‘ரெஸ்யூமே புதுசு 3’ என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரும் படிப்பும் வருகிற மாதிரி வைங்க. அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் போட்டு, அவர் போனில் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்க.

23. பயோடேட்டாவில் கொடுத்த நம்பருக்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்க. இன்கமிங் நின்றுபோனால் வந்த வேலையும் போய்விடும். வீட்டில் போனை எடுக்கிறவர்களிடமும் “கம்பெனிப் பெயர், பேசியவர் பெயர், நம்பர் மூன்றையும் குறித்து வைங்க” என்று சொல்லி வைங்க.

24. ஓ.என்.ஜி.சி. அப்ரண்டிஸ் அறிவிப்புகளில் காரைக்காலும் ஒரு பணியிடமாக வருவதுண்டு. அங்கே தகுதிப் படிப்பின் மதிப்பெண் வரிசைதான் பேசும், பயோடேட்டா அலங்காரம் அல்ல; அதனால் விண்ணப்பக் கட்டங்களைப் பிழையில்லாமல் நிரப்புவதில் நேரம் செலவிடுங்க. ஒரு வருஷம் முடித்தவர்கள் அதை அனுபவம் என்ற தலைப்பில் எல்லாவற்றுக்கும் மேலே போடலாம்.

25. யாரைக் கேட்டால் உங்களைப் பற்றிச் சொல்வார்கள் என்ற இடத்தில் பேராசிரியர் பெயரைப் போடுவதற்கு முன் சாரிடமோ மேடத்திடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. எந்த வேலைக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர்களும் பொருத்தமாகப் பேசுவார்கள்.

26. எழுதி முடித்ததும் ஒரு ராத்திரி ஆறப் போடுங்க. மறுநாள் வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, அரை நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்க. அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்க. நீங்கள் சொல்ல நினைத்தது அதில் இல்லையென்றால் அந்த வரியை மேலே ஏற்றுங்க.

27. பிரிண்ட் நாலைந்து காப்பி போதும், கறுப்பு வெள்ளையில், சாதாரண ஏ4 தாளில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்முகத்துக்குக் கிளம்பினால் மார்க் ஷீட்டோடு சேர்த்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைக்குள் வைங்க. சர்டிபிகேட் ஸ்கேன்களை மெயிலிலும் ஒரு பிரதி போட்டு வைத்துவிட்டால், சென்னையில் இறங்கியபின் ஏதாவது விடுபட்டது தெரிந்தாலும் அங்கேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொள்ளலாம்.