கரியமில வாயுவைப் புதைத்தல்: பயனும் வரம்பும்

பருவமழை பிறழ்ந்தால் உழவருக்கு விளைச்சல் குன்றும். பஞ்சு விளையாவிடில் நெசவாளருக்கு நூல் விலை ஏறும். ஆதலின், வானிலையைப் பற்றிய அறிவு நம் சங்க உறுப்பினர் யாவர்க்கும் வேண்டுவதாகும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயு காற்றிற் கலக்கின்றது. பூமியின் வெப்பம் மிகுவதற்கு இதுவே தலையாய காரணம். இவ்வாயுவை ஆலையிலேயே பிடித்து நிலத்தடியில் அடைத்துவைக்கும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

செய்முறை

ஆலைப் புகையை அமீன் என்னும் இரசாயனப் பொருளின் கரைசலினூடே செலுத்தினால், அக்கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பின்னர்க் கரைசலைச் சூடேற்ற, வாயு தனியே பிரியும். அதனை அழுத்தி, ஆழத்திலுள்ள மணற்பாறையின் நுண்துளைகளுள் செலுத்துவர். மேலேயுள்ள கெட்டியான களிப்பாறை மூடிபோல் நின்று, வாயு வெளியேறாதவாறு காக்கும்.

இரு நாடுகளின் அனுபவம்

வடகடலில் நார்வே நாட்டிற்குரிய ஸ்லைப்னர் என்னுமிடத்தில், எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்த கரியமில வாயுவை 1996 முதல் கடலடிப் பாறையிற் புதைக்கலாயினர். தொடக்க ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் டன் புதைக்கப்பட்டது. இதற்குத் தூண்டுகோலாயிருந்தது 1991இல் அந்நாட்டரசு விதித்த வரியாகும். வாயுவைக் காற்றில் விட்டு வரி செலுத்துவதினும் புதைப்பதே ஆதாயமாயிற்று.

கனடாவின் பவுண்டரி டேம் அனல்மின் நிலையத்தில் 2014இல் இம்முறை தொடங்கியது. ஆண்டுக்கு 10 இலட்சம் டன் பிடிப்பதே நோக்கம். பல ஆண்டுகளில் அவ்வளவு எட்டப்படவில்லை. மேலும், வாயுவைப் பிரிக்கவும் அழுத்தவும் மின்நிலையம் தன் ஆற்றலில் ஒரு பகுதியையே செலவிட வேண்டும். நிலக்கரிக்கு மாற்றாகக் கதிரவனும் காற்றும் மின்சாரம் தரும்போது, இச்செலவு தக்கதா என்னும் வினா எழுகின்றது.

எங்கே இன்றியமையாதது?

சுண்ணாம்புக் காளவாயை நாம் அறிவோம். தூய சுண்ணாம்புக்கல் 100 பங்கைச் சுட்டால் 56 பங்கே சுண்ணாம்பாகும். எஞ்சிய 44 பங்கு கரியமில வாயுவாகப் பிரியும். எந்த எரிபொருளைக் கொண்டு சுட்டாலும் இது மாறாது. அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். ஆகவே, இத்தகைய தொழிலுக்கே வாயுவைப் பிடித்தல் பெரிதும் வேண்டற்பாலது. நார்வேயின் பிரேவிக் சிமெண்டு ஆலையில் 2025இல் இவ்வமைப்பு திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 4 இலட்சம் டன், அதாவது அவ்வாலை வெளியிடுவதிற் பாதியளவு, பிடிப்பதே அதன் திட்டம். செலவிற் பெரும்பங்கை அரசே ஏற்றது.

முடிவு

உலகெங்கும் இவ்வகை நிலையங்கள் பிடிக்கவல்ல அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டன்னே. மேற்கூறிய 3,700 கோடியுடன் ஒப்பிட்டால் மிகச் சிறிது. எனவே, புகையைத் தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்த்தலே முதற்கடமை. தவிர்க்கவியலாத இடத்திற்கே புதைத்தல் உரியது. புதைக்கலாம் என்னும் நம்பிக்கையிற் புதிய புகைபோக்கிகளை எழுப்புவது, அடைக்க வழியுண்டென்று கடன் வாங்கிக்கொண்டே போவதை ஒக்கும்.

சிந்தனை வினாக்கள்

1. ஸ்லைப்னரில் வரி ஆற்றிய பணி யாது?
2. சிமெண்டு ஆலைக்கும் அனல்மின் நிலையத்திற்கும் இதில் உள்ள வேறுபாடு யாது?
3. புதைக்கும் செலவை ஏற்கவேண்டியவர் ஆலையினரா, அரசா, பொருளை வாங்குவோரா? சங்கக் கூட்டத்தில் ஆராய்க.